சிகரத்திலிருந்து நெய்யூருக்கு

பாறசாலை, வெள்ளறடை, கள்ளிக்காடு என்று தமிழக எல்லையை ஒட்டிய கேரள கிராமங்களில் வேலை மாற்றம் என்றால் பெரும்பாலும் விமானப் பயணம்தான். மகள் நர்ஸ் வேலைக்கு வளைகுடாவுக்குப் போவாள். புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறு சபையில் ஜெபம், ஸ்தோத்திரக் காணிக்கை. விசா கிடைத்தது கர்த்தரின் சித்தம். ஆனால் சித்தம் எப்போதும் கூடுதல் சம்பளத்தின் பக்கமே இருக்குமா? சங்கடமான கேள்வி. இதே பகுதியில் காரக்கோணத்தில் இருக்கும் மருத்துவக் கல்லூரி யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறதோ, அவர் நூறாண்டுகளுக்கு முன்பே அதற்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறார்.

தியோடர் ஹோவார்ட் சாமர்வெல் 1890இல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில் பிறந்தவர். காலணித் தொழிலில் செழித்த குடும்பம். வீட்டில் பக்தி அதிகம். ஆனால் கேம்பிரிட்ஜில் படிக்கும்போது நாத்திகர்கள் நிறைந்த ஒரு சங்கத்தில் சேர்ந்தார். பிறகு விசுவாசத்துக்குத் திரும்பினார். எனவே அவருடைய நம்பிக்கை பரம்பரைச் சொத்து அல்ல, இழந்து மீட்டது.

1916இல் சோம் போர்முனை. காயமுற்ற வீரர்கள் ஆயிரக்கணக்கில் ஸ்ட்ரெச்சர்களில் கிடக்க, கையளவு டாக்டர்களே இருந்தனர். யாரை முதலில் மேஜைக்குக் கொண்டுபோவது, யாரைச் சாக விடுவது என்பதை அவர்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த அனுபவத்துக்குப் பின் சாமர்வெல் போரையே வெறுத்தார்.

1922இல் எவரெஸ்ட். ஜூன் 7 அன்று பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் இறந்தார்கள். ஆங்கிலேயர் ஒருவர்கூடச் சாகவில்லை. தங்களில் ஒருவராவது அந்த முடிவைப் பகிர்ந்துகொண்டிருக்கக் கூடாதா என்ற வேதனையைச் சாமர்வெல் பின்னர் எழுதினார். அதன் பிறகுதான், ஊர் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி, தெற்கே நெய்யூர் வந்து சேர்ந்தார்.

அங்கே லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியைத் தனி ஆளாகச் சமாளித்துக்கொண்டிருந்தார் டாக்டர் பியூ. வாசலில் நோயாளிகள் குவிந்திருந்தனர். அறுவைச் சிகிச்சை தெரிந்த ஒருவருக்கு அந்தக் காட்சியே போதுமான அழைப்பு. லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில் காத்திருந்த பதவியை உதறிவிட்டு, 1923இல் நெய்யூருக்கே வேலைக்கு வந்தார்.

இதைத் தியாகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆனால் சாமர்வெல் எல்லாவற்றையும் துறந்த துறவி அல்ல. ஓவியத்தையும் இசையையும் விடவில்லை. மலையையும் விடவில்லை. 1924இல் நெய்யூரிலிருந்தே மறுபடி எவரெஸ்டுக்குப் போனார். ஆக்சிஜன் இல்லாமல் சுமார் 28,000 அடி வரை ஏறினார். இறங்கும்போது தொண்டையின் உட்சதை பிய்ந்து மூச்சுக்குழலை அடைக்க, உட்கார்ந்து மரணத்தை எதிர்பார்த்தார். கடைசி முயற்சியாக மார்பை இரு கைகளாலும் அழுத்தி இருமினார். அடைப்பு வெளியே வந்தது. உயிர் பிழைத்தவர் நெய்யூருக்கே திரும்பினார்.

1925இல் மார்கரெட் ஹோப் சிம்ப்ஸனை மணந்தார். மூன்று மகன்கள் பிறந்தார்கள். மரச்சீனிக் கிழங்கைப் பிரதான உணவாகக் கொண்ட திருவிதாங்கூரில் குடல்புண் பரவலாக இருந்தது. அதற்கான அறுவைச் சிகிச்சையில் அவர் தனித் தேர்ச்சி பெற்றார். பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் டாக்டர்களை உருவாக்கினார். 1961இல் ஓய்வு பெற்று, 1975இல் இங்கிலாந்தில் காலமானார்.

1956இல் மாநில எல்லை மாறியது. நெய்யூர் தமிழகத்திலும் நெய்யாற்றின்கரை கேரளத்திலும் அமைந்தன. டாக்டரின் பெயர் மட்டும் இருபக்கமும் இருக்கிறது.

வளைகுடா செல்லும் பெண்ணிடம் சாமர்வெல்லை உதாரணம் காட்டி, போகாதே என்று சொல்வது நியாயமல்ல. அவருக்குப் பின்னால் வசதியான குடும்பம் இருந்தது. அவளுக்குப் பின்னால் வீட்டுக் கடன் இருக்கிறது. கடனை அடைக்கப் புறப்படுவதும் குடும்பத்துக்குச் செய்யும் ஊழியம்தான். ஆனால் பயணத்துக்கு முந்தைய ஜெபத்தில் இன்னொரு வரியையும் சேர்த்துக்கொள்ளலாம்: எங்கே நல்ல வேலை கிடைக்கும் என்பதோடு, எங்கே நான் தேவைப்படுகிறேன் என்பதையும் காட்டும். சாமர்வெல்லுக்கு அதற்கான விடை ஆஸ்பத்திரி வாசலில் நின்ற கூட்டத்தில் கிடைத்தது.