ஈ-யா, ஏ-யா?

தெருமுனைக் கடை போர்டில் ஆங்கில ‘ஸ்டேஷனரி’யைப் பார்த்திருப்பீர்கள். ஈ வர வேண்டிய இடத்தில் ஏ இருக்கும். ஈ போட்டால்தான் பேனா, பென்சில். ஏ போட்டால் ‘நகராமல் நிற்பது’. உடனே நம்ம கான்வென்ட் ஆசாமிகள் செல்போனில் படம் பிடித்து ஊருக்கே அனுப்பிச் சிரிக்கிறார்கள்.

கொஞ்சம் சரித்திரமும் படியுங்கள் சார்! அந்தக் காலத்து ஐரோப்பாவில் சில்லறை வியாபாரிகள் பலர் ஊர் ஊராகச் சுற்றியவர்கள். பல்கலைக்கழகத்துப் பக்கத்தில் ஒரே இடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவர்தான் ‘ஸ்டேஷனர்’. லண்டனில் 1403-லேயே அவர்களுக்குச் சங்கம் உண்டு. ஆக, நகராமல் நின்றதால் வந்த பெயர்தான் அது! இரண்டுக்கும் ஒரே வேர். (நம்ம அண்ணாச்சியும் கல்லாவை விட்டு நகர்வதில்லை.)

சரி, அதே போர்டில் ‘எழுது பொருட்க்கள்’ என்று தமிழும் தப்பாக இருக்கிறதே... அதை எத்தனை பேர் படம் பிடித்தீர்கள்?