ஆடுகளத்து அங்காடி

கம்பனது கவிநயமும் குறுந்தொகையின் உள்ளுறையும் பேசப்பெறும் இவ்வேட்டின்கண், காற்பந்தாட்டக் களத்தில் விற்கப்படும் சுண்டலைப் பற்றி யாம் எழுதப் புகுந்தால் எம் வகுப்புத் தோழர் சிலர் நகைப்பர் என்பதை அறிவோம். நகைப்போர் நகைக்க. பிற்பகல் வெயிலில் மூன்று மணி நேரம் புற்றரையிலோ கற்படியிலோ அமர்ந்து ஆட்டம் கண்டவர் எவரும் இதனைச் சிறுபொருளென்று தள்ளார். தமிழ் பயில்வார்க்கு இது புறம்பான பொருளுமன்று. சிலப்பதிகாரத்தில் இந்திர விழவூர் எடுத்த காதையிலே, புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தைக் காட்டும் இளங்கோவடிகள், பிட்டு விற்கும் காழியரையும் அப்பம் விற்கும் கூவியரையும் மறவாது நிறுத்தியுள்ளார். அரசரும் வணிகரும் நடமாடும் காப்பியத்தில் அப்பக்கடைக்கும் இடமுண்டு. அடிகள் கூறாது விட்டது விலை ஒன்றே. அதனையே யாம் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

எம்முள் சிலர் புதுச்சேரியைச் சார்ந்த வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களின் சிற்றூர்களிலிருந்து வந்து இக்கல்லூரியிற் பயில்பவர். 1880-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கம் வகுத்த கொம்யூன் என்னும் பெயர், அவ்வரசாங்கம் நீங்கிய பின்னரும் எம்மிடையே வழங்கி வருகின்றது. எம் ஊர்களிற் காற்பந்தாடும் இடங்கள் அரங்குகளல்ல. பள்ளிக்கூடத்துப் பின்வெளி, ஏரிக்கரையை அடுத்த மேடு, அறுவடை முடிந்த தரிசு ஆகிய இவையே எம் களங்கள். பொங்கலையொட்டியும் கோடை விடுமுறையிலும் இளைஞர் கழகத்தார் கோப்பைப் பந்தயம் நடத்துவர். மதிலில்லை, வாயிலில்லை, நுழைவுச்சீட்டுமில்லை. எல்லைக்கோட்டிற்கு இரண்டு முழம் அப்பாற் கூட்டம் நிற்கும். அக்கூட்டத்திற்கு இரண்டு முழம் அப்பால் அங்காடி நிற்கும்.

அவ்வங்காடியைச் சற்று விரித்துரைக்க விழைகின்றோம். முதலிடம் மல்லாட்டைக்கே உரியது. பிறர் வேர்க்கடலையென்றும் நிலக்கடலையென்றும் கூறுவதனை எம் பக்கத்தார் மல்லாட்டையென்பர். மணிலாக் கொட்டையென்பதன் திரிபு அது. (இச்சொல்லைக் கேட்டு விடுதியிற் சிரித்த தென்னாட்டு நண்பர், கடல் கடந்து வந்த பயிரின் வரலாறு முழுவதும் அவ்வொரு சொல்லில் அடங்கியிருப்பதை உணர்வாராக.) உப்பிட்டு அவித்த மல்லாட்டையை ஓலைக்கூடையில் வைத்து, மேலே ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு ஒரு மூதாட்டி அமர்ந்திருப்பார். எவ்வீட்டுப் பிள்ளையும் அவரை ஆயாவென்றே அழைப்பான். ஆழாக்கு ஒன்று பத்து ரூபாய், கொசுறு தனி. அவர்க்கு அடுத்துக் கொண்டைக்கடலைச் சுண்டல், உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்க் கீற்று, தையிற் பனங்கிழங்கு, சித்திரையில் நுங்கு, மிதிவண்டியிற் கட்டிய பெட்டியிற் பாலைஸ், எண்ணெய்ச் சட்டியருகே மிளகாய் பஜ்ஜி. ஐம்பது ரூபாயோடு வந்த இருவர் வயிறார உண்டு, ஊர் திரும்பும் பேருந்துக்கும் சில்லறை மிச்சம் வைக்கலாம்.

இவ்விலை இரக்கத்தால் அமைந்ததன்று. ஆயா நல்லவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் விலையைக் கட்டுப்படுத்துவது அவருடைய நன்மையன்று. பத்தடி தொலைவில் மற்றொரு கூடை இருக்கின்றது. அதுவும் பிடிக்கவில்லையாயின் கால்மணி நேரத்தில் வீட்டிற்கே சென்று மீளலாம். மேலும், இன்று ஊசிய சுண்டலை விற்றவர் நாளைக் காலை அதே தெருவிற் குழாயடியில் நிற்கவேண்டும். அங்கு வாங்கினவனுடைய தாய் நிற்பாள். உணவின் தரத்தைக் காப்பதற்கு இதனினும் கூரிய சட்டம் ஒன்றை யாம் அறியோம்.

எம் களத்தங்காடி குற்றமற்றதென்று வாதிப்பது எம் கருத்தன்று. பஜ்ஜியைச் செய்தித்தாளிற் பொதிந்து கொடுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அச்சு மையிலுள்ள நஞ்சு சூடான எண்ணெயோடு கலந்து உணவிற் படியும் என்பதனால், உணவைச் செய்தித்தாளிற் பொதிதலும் வைத்தலும் கூடாதென 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு விதிகள் தடுத்துள்ளன. விதி தில்லியில் இருக்கின்றது. பஜ்ஜி குருவிநத்தத்தில் இருக்கின்றது. சட்டியிலுள்ள எண்ணெய் எத்தனை ஆட்டம் கண்டதென்று கேட்பாருமில்லை. பந்து உருளும்போதெழும் புழுதி திறந்த தட்டுகளிற் படிவதையும் கண்டிருக்கின்றோம். இவையனைத்தினும் பெருங்குறை நீரில்லாமை. காசு கொடுத்துப் பொட்டல நீரோ புட்டி நீரோ வாங்குவார்க்கன்றி, ஆட்டங் காண வந்த சிறுவர்க்குக் களத்தில் ஒரு மிடறு தண்ணீர் இல்லை. மேடையில் அமர்ந்த சிறப்பு விருந்தினர்க்கோ பொன்னாடையும் குளிர்ந்த புட்டியும் முந்திரிப் பருப்புத் தட்டும் குறைவின்றி வரும். இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் அணியின் தலைவராயிருந்த ராய் கீன், இறால் வைத்த ரொட்டியைச் சுவைத்துக்கொண்டு களத்தில் நடப்பதறியாது அமர்ந்திருப்போரை 2000-ஆம் ஆண்டில் இடித்துரைத்தது உலகறிந்த செய்தி. எம் சிற்றூர் மேடைக்கும் அவரை ஒருமுறை அழைக்கலாம்.

இனிப் பெருநகர அரங்கிற்கு வருவோம். அண்டை மாநிலத்து நகரொன்றில், பல்லாயிரவர் அமரும் அரங்கில், யாம் அறுவர் சென்ற ஆண்டு ஓர் ஆட்டம் கண்டோம். வாயிலில் எம் பைகளைத் திறந்து பார்த்து, வீட்டிலிருந்து கொணர்ந்த எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தையும் நீர்ப்புட்டிகளையும் வாங்கி ஒரு தொட்டியில் எறிந்தனர். சினங்கொண்ட பார்வையாளர் புட்டியைக் களத்தினுள் வீசக்கூடும் என்பது காரணம். அக்காரணத்தை யாம் மறுக்கவில்லை. ஆயின், எலுமிச்சைச் சாதத்தை வீசி எவரையும் காயப்படுத்திய வரலாறு உண்டோ? உள்ளே நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. 20 ரூபாயென விலை அச்சிட்ட புட்டியின் நீரைத் தாள் குவளைகளில் ஊற்றி, குவளை ஒன்று 30 ரூபாயென விற்றனர். அச்சிட்ட விலைக்குமேல் விற்றலாகாதென்னும் விதி புட்டியைப் பற்றியது. குவளையிலோ அச்சேதும் இல்லை. நீர் புட்டியிலிருந்து குவளைக்கு இறங்கும் அந்த ஒரு நொடியில் விலை மேலேறிவிட்டது. ஒரு சமோசாவிற்கு எம் ஊரில் இருவர் உண்ணும் தொகை கேட்டனர். அது ஆறியும் இருந்தது.

பணியாற்றும் முறையோ விலையினும் துன்பந் தந்தது. இடைவேளை 15 நிமிடத்திற்கு மேற்படலாகாதென்பது காற்பந்தாட்ட விதி. அப்பதினைந்து நிமிடத்திற்குள் அரங்கின் ஒரு பக்கத்து மக்கள் அனைவரும் இரண்டே சாளரங்களின்முன் நெருக்குண்டனர். விற்போர் இளைஞர், அன்றாடக் கூலிக்கு வந்தவர், சில்லறைக்கும் கைப்பேசிக் கட்டணத்திற்கும் இடையே திணறினர். எம்முள் ஒருவர் சமோசாவோடு திரும்புமுன் இரண்டாம் பாதியின் முதற் கோல் விழுந்துவிட்டது. எம் களத்திலோ ஆயா கூடையோடு தாமே எழுந்து வருவார். கண் பந்தின்மேலிருக்கக் கை மல்லாட்டையை உடைத்துக்கொண்டிருக்கும். மலப்புறத்துச் செவன்ஸ் ஆட்டங்களிலும் கல்கத்தா மைதானத்திலும் வேர்க்கடலை விற்பார் பார்வையாளரிடையே புகுந்து விற்பது இத்தகையதே.

இவ்வேறுபாட்டின் காரணம் யாது? நகரத்தார் பேராசைக்காரர், நாட்டுப்புறத்தார் நல்லோர் என்னும் பழங்கதையை யாம் நம்பவில்லை. காரணம் மதில். வாயில் கடந்தபின் வேறு கடையில்லை. வெளியேறினால் மீளவும் நுழைய இயலாது. அத்தகைய இடத்தில் விற்கும் உரிமையை ஒருவர்க்கே ஏலத்திற் கொடுத்துவிட்டால் மற்றவை தாமே தொடரும். ஏலமெடுத்தவர் பெருந்தொகை கட்டியுள்ளார். ஆட்டமோ ஆண்டிற் சில நாளே. அச்சில நாள்களின் சில நிமிடங்களில் கட்டிய தொகையை மீட்டாகவேண்டும். சமோசாவின் விலையில் மாவும் எண்ணெயும் சிறு பங்கு, ஏலத்தொகையே பெரும்பங்கு. புதுவையார்க்கு இது புதிதன்று. அங்காடித் தெருவிலும் திருவிழாக் கடைகளிலும் அடிக்காசு வாங்கும் உரிமையை ஏலம் விடும் வழக்கத்தை நாம் நன்கறிவோம். ஏலத்தொகை ஏறிய ஆண்டில் கீரைக்கட்டின் விலையும் ஏறும்.

கழகங்களுக்கு வருவாய் வேண்டாவா என்று கேட்பர். கேட்பது முறையே. நடுவர்க்கு ஊதியம், பந்து, வலை, கோப்பை ஆகிய இவற்றிற்குக் காசு எங்கிருந்தோ வரவேண்டும். ஆனால் விலையை ஏற்றுவதே வருவாய்க்கு வழியென்னும் கொள்கையை ஓர் அமெரிக்க அரங்கம் சோதித்துப் பார்த்திருக்கின்றது. அத்திலாந்தா நகரில் 2017-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மெர்சிடிஸ்-பென்ஸ் அரங்கில், அவர் நாட்டுக் காற்பந்தும் நாம் அறிந்த காற்பந்தும் ஆடப்பெறுகின்றன. அதன் உரிமையாளர் ஆர்தர் பிளாங்க், விலையிடும் உரிமையைக் குத்தகைக்காரரிடம் விடாது தம்மிடமே வைத்துக்கொண்டார். இறைச்சி வைத்த ரொட்டி 2 டாலர். நீர் 2 டாலர். பானம் 2 டாலர், மீண்டும் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். வரியையும் உள்ளடக்கி முழு டாலராகவே விலையிட்டமையாற் சில்லறைத் தொல்லை ஒழிந்து வரிசையும் விரைந்தது. முந்திய ஆண்டின் பழைய அரங்கை நோக்க விலை ஏறக்குறையப் பாதியாயிற்று. ஆயினும் பார்வையாளர் ஒருவர் உணவிற்குச் செலவிட்ட தொகை நூற்றுக்குப் பதினாறு வீதம் மிகுந்தது. வீட்டிலேயே உண்டு வந்தவர் அரங்கில் உண்ணத் தொடங்கினர் என்பதன்றி இதற்கு வேறு பொருளில்லை.

இதனை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. எம் ஊர்ப்புறங்களிலும் களத்தைச் சுற்றி மதில் எழுப்பவேண்டும், படிக்கட்டு கட்டவேண்டும், சீட்டு விற்கவேண்டும் என்னும் பேச்சு எழுந்திருக்கின்றது. யாம் அதனை எதிர்ப்பவரல்லோம். மாடு புகாத களமும் மழைக்கு ஒதுங்கக் கூரையும் யாருக்குத்தான் வேண்டா? ஆனால் மதில் எழும் நாளில் ஆயா மதிலுக்கு எப்பக்கத்தில் நிற்பார்? இதனை இன்றே வினவவேண்டும். செங்கல் அடுக்கியபின் வினவிப் பயனில்லை. உள்ளே விற்கும் உரிமையை ஏலம் விட்டால், ஒரு பருவத்தில் இரண்டாயிரம் ரூபாய் ஈட்டும் மூதாட்டி அவ்வேலத்திற் கையுயர்த்த மாட்டார். நகரத்துச் சமோசா பெட்டியில் வந்திறங்கும். ஐம்பது ரூபாய்ச் சிறுவன் தன் காசைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பசியோடு ஆட்டம் காண்பான்.

ஆகலின், களத்தில் விற்கும் உரிமையை ஒருவர்க்கே ஏலம் விடுதல் கூடாதென்பது எம் கருத்து. ஊரார் எவரும், ஆட்டநாள் ஒன்றுக்கு எல்லார்க்கும் ஒரே அளவான சிறு அடிக்காசைக் கழகத்திற்கே நேராகச் செலுத்தி விற்கலாம். அவ்வருவாய் பந்திற்கும் வலைக்கும் போதும். கோப்பையை வழக்கம்போல் அரசியலார் கொடுப்பர். அடிக்காசு வாங்கும் கழகம் கைம்மாறாகச் செய்யத்தக்கவையும் உள. செய்தித்தாளுக்கு ஈடாகத் தையல் இலையை மொத்தமாக வாங்கி விற்போர்க்குக் கொடுக்கலாம். வெயிலுக்கும் புழுதிக்கும் மறைவாக ஒரு பக்கம் கீற்றுப்பந்தல் இடலாம். பண்டத்தின் பெயரும் விலையும் தமிழில் எழுதிய பலகை ஒன்றைக் கம்பத்தருகே நாட்டலாம். விலை எழுத்திலிருந்தால் வெளியூர்ச் சிறுவனும் ஏமாறான்.

நீரைப் பற்றித் தனியே ஒரு சொல். 2023-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் உச்ச நீதிமன்றம் திரையரங்குகளைப் பற்றித் தீர்ப்பளிக்கையில், வெளியுணவைத் தடுக்கும் உரிமை உரிமையாளர்க்கு உண்டென ஒப்பிற்று. ஆயினும் தூய குடிநீரை விலையின்றி வழங்கவேண்டும் என்பதையும், குழந்தைக்குரிய உணவைத் தடுத்தலாகாதென்பதையும் உடன் வலியுறுத்திற்று. குளிர்ந்த கூடத்தில் இரண்டரை மணி நேரம் அமர்வார்க்கு உரியதாகிய நீர், வெயிலிற் காய்வார்க்கு உரியதாகாதோ? அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்த செய்தியைப் பெரியபுராணத்திற் பயில்கின்றோம். புதுவை நகரத்துப் பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம் மூன்றாம் நெப்போலியன் காலத்தது. ஊரார்க்கு நீர் கிடைத்ததன் நினைவாக எழுந்தது. தன் மாளிகையை இடித்துக் குளம் அமைத்தவளென்று செவிவழிக் கதை கூறும் ஆயியின் பெயரைத் தாங்குவது. புதுவை அரசின் இலச்சினையிலும் அம்மண்டபமே பொறிக்கப்பட்டுள்ளது. இலச்சினையில் நீர் மண்டபத்தை வைத்துக்கொண்டு ஆடுகளத்தில் நீர்ப்பானை வையாதிருத்தல் நமக்குப் பொருந்துவதன்று. வில்லியனூர்த் தேரோட்ட நாளிற் பந்தலிட்டு நீர்மோர் வார்ப்போர் கைகள் நம்மிடையே உள்ளன. அக்கைகளை ஆட்டநாளிலும் அழைத்தால் வருவர்.

இப்பொருள்கள் அடங்கிய விண்ணப்பம் ஒன்றை எழுதி, சென்ற விடுமுறையில் எம் ஊர்க் கழகச் செயலாளர் கையிற் கொடுத்தோம். நீர்ப்பானைக்கும் தையல் இலைக்கும் உடனே இசைந்தார். வரும் பொங்கற் பந்தயத்திற்கே செய்துவிடலாமென்றார். ஏலத்தைப் பற்றிய பகுதியை மட்டும் இரண்டு முறை படித்தார். பிறகு, செயற்குழுவிற் கலந்து சொல்வதாகக் கூறித் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.