ரெண்டு மணி நேரத்துல ஒரு கிளாஸ், ரெண்டு நிமிஷத்துல ஒரு குவார்ட்டர்

ஜப்பானில் வேலை பார்க்கும் ஆரணித் தம்பி ஒருத்தர் லீவில் ஊருக்கு வந்தப்போ, அப்பாவை என் கிளினிக்குக் கூட்டிட்டு வந்தார். அப்பா பட்டு நெசவாளி. பல வருஷமா குழித்தறி. (ஆள் அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

அப்பாவை வெளியே உட்கார வச்சுட்டு தம்பி மட்டும் உள்ளே வந்தார்.

"டாக்டர், நானும் டோக்கியோவுல கிராஃப்ட் பீர் கடைக்குப் போறவன்தான். ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரு கிளாஸ் முடிப்பேன். அப்பா இங்க ரெண்டு நிமிஷத்துல ஒரு குவார்ட்டர் முடிச்சிடறார். ரெண்டும் குடிதானே? எந்த முகத்தோட அவரை நிறுத்தச் சொல்றது?"

நியாயமான கேள்வி. பல வீடுகளுக்கு உதவும்னு பதிலை இங்கே எழுதறேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு. மதுவில் "இவ்வளவு வரை ஆபத்தில்லை"ன்னு ஒரு அளவு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023-ல தெளிவா சொல்லிடுச்சு. குடிக்காதவங்க யாரும் இதைப் படிச்சுட்டு ஆரம்பிக்க வேண்டாம்.

இப்போ கணக்குப் போடுவோம்.

தம்பியோட கிளாஸ்: 330 மில்லி, 5 சதவீதம். அதுல சுத்த ஆல்கஹால் சுமார் 13 கிராம்.

அப்பாவோட குவார்ட்டர்: 180 மில்லி, 42.8 சதவீதம். சுமார் 61 கிராம்!

ஆண்கள் ஒரு நாளைக்கு 40 கிராமைத் தொட்டாலே வாழ்க்கைமுறை நோய்களுக்கான ஆபத்து கூடும்னு ஜப்பான் சுகாதார அமைச்சகம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டி சொல்லுது. நம்ம ஊர் ஒரே ஒரு குவார்ட்டர் அதைத் தாண்டிடுது.

நம்ம கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் கரைக்கும். மோர் குடிச்சாலும் தலைக்குத் தண்ணி ஊத்தினாலும் அது வேகம் எடுக்காது. ராத்திரி 9 மணிக்குப் போட்ட குவார்ட்டர் முழுசா இறங்க விடிகாலை ஆகிடும்.

அடுத்தது, குடிக்கிற இடம்.

தம்பி சொன்னதைக் கேளுங்க. உட்கார்ந்ததும் தண்ணி வைக்கிறாங்க. பலகையில் ஒவ்வொரு பீருக்கும் எத்தனை சதவீதம்னு எழுதியிருக்கு. கூடவே சாப்பாடு. இஸகாயான்னு சொல்ற சாதாரணக் கடைகள்ல, பல இடத்துல கேக்காமலே ஒரு சின்னத் தட்டு பலகாரம் வந்துடும், பில்லிலும் ஏறிடும். அரிசி மதுவான சாக்கே குடிக்கிறவங்க நடுநடுவே குடிக்கிற தண்ணிக்கு 'யவராகி மிசு'ன்னு தனிப்பேரே இருக்கு.

1994-ல அங்கே சட்டம் மாறுச்சு. வருஷத்துக்கு 2,000 கிலோலிட்டர் காய்ச்சினாத்தான் பீர் லைசென்ஸ்னு இருந்ததை 60 ஆகக் குறைச்சாங்க. சின்னச் சின்ன உள்ளூர் பீர் ஆலைகள் அதுக்கப்புறம் வந்ததுதான். சின்ன அளவு, கைவேலை, விலை கூட. பட்டு நெய்யற ஊருக்கு இது நல்லாவே புரியும். விலை கூடின பொருளை யாரும் மடக்குன்னு முழுங்க மாட்டாங்க.

வயித்துல சாப்பாடு இருந்தா ஆல்கஹால் சிறுகுடலுக்கு மெதுவா போகும். ரத்தத்தில் திடீர்னு ஏறாது. வெறும் வயித்துல, ஊறுகாயைத் தொட்டுக்கிட்டு 'ரா'வா அடிச்சா சில நிமிஷத்துலயே எகிறும். சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கறவங்களுக்கு ராத்திரியில சர்க்கரை அளவு அபாயகரமா இறங்கிடலாம். "போதையில தூங்குறார்"னு வீட்ல விட்டுடுவாங்க. அது மயக்கமா இருக்கும்.

ஜப்பான் சொர்க்கம்னு நான் சொல்லல. ஆபீஸ் கூட்டத்தோட குடிச்சு மட்டையாகறவங்க அங்கேயும் உண்டு. ஆனா குடிச்சுட்டு வண்டி ஓட்டுறவனோட, தெரிஞ்சே அவனுக்கு ஊத்திக் கொடுத்தவனுக்கும் பக்கத்துல உட்கார்ந்து போனவனுக்கும் 2007-லிருந்து அங்கே தண்டனை. அதனால "வண்டியிலயா வந்தீங்க?"ன்னு கேக்கறது கடைக்காரரோட வேலையாவும் ஆயிடுச்சு. இங்கேயும் 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல இருந்தா குற்றம்தான். அதுக்குத் துணை போனவருக்கும் சட்டத்துல தண்டனை உண்டு.

சரி, அப்பா ஏன் ரெண்டு நிமிஷத்துல முடிக்கிறார்? கடை வாசல்ல நிக்கிறதை யாரும் பார்த்துடக் கூடாது. பாவு கொடுக்கற முதலாளி, சம்பந்தி வீடு, பக்கத்துத் தறிக்காரர்னு எல்லாருக்கும் எல்லாரையும் தெரிஞ்ச ஊர். வெட்கம் குடியை நிறுத்தல, வேகப்படுத்துது.

இங்கேதான் என் கருத்து. 2003-லிருந்து தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக் கையில். 2023 ஜூனில் 500 கடைகளை மூடினாங்க, வரவேற்கறேன். இன்னும் குறையட்டும். ஆனா திறந்திருக்கற கடைக்கு வர்றவரும் ஒரு வாடிக்கையாளர்தான். ஒரு நாற்காலி, குடிதண்ணீர், சாப்பாடு, பாட்டில் மேல "61 கிராம்"னு பெரிய எழுத்து, "வண்டியா?"ன்னு ஒரு கேள்வி, சுவத்துல ஒரு உதவி எண். இவ்வளவுதான் கேக்கறேன்.

"வசதி செஞ்சு கொடுத்தா இன்னும் குடிப்பாங்களே டாக்டர்?"

ஏசியும் கலர் லைட்டும் கேட்டா நீங்க சொல்றது சரி. தண்ணியும் சோறும் யாரையும் குடிகாரன் ஆக்காது.

இப்போ முக்கியமான எச்சரிக்கை. தம்பி ஒரு திட்டத்தோட வந்திருந்தார். லீவு முடியறதுக்குள்ள அப்பாவை ரூம்ல வச்சுப் பூட்டி நிறுத்திடணுமாம்.

தயவுசெஞ்சு யாரும் இதைச் செய்யாதீங்க. தினமும் அதிகமா குடிக்கிறவர் சட்டுன்னு நிறுத்தினா முதல் நாளே கை நடுக்கம் வரும். ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டிலிருந்து நாலாம் நாளுக்குள்ள ஆள் தெரியாமப் பிதற்றி, உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்தணும், ஆனா டாக்டர் மேற்பார்வையில், மாத்திரையோடும் வைட்டமின் பி1-ஓடும்.

காலையில கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டா நிக்குதா? அது உடல் அடிமையானதுக்கு அடையாளம். பட்டு இழையைப் பிடிக்கிற கைக்கு அது பிழைப்பையே பறிச்சிடும்.

அப்பாவை உள்ளே கூப்பிட்டேன். "ஒரு நாளைக்கு எவ்வளவுங்க?"ன்னு கேட்டேன். மகனைப் பார்த்தார். தம்பி புரிஞ்சுக்கிட்டு வெளியே போனார்.

"ரெண்டு குவார்ட்டர் சார்."

மகனுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அந்தக் கணக்கோட பூட்டி வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யோசிங்க.

உங்க வீட்லயும் ஒருத்தர் இருந்தா, திட்டறதுக்கு முன்னாடி பக்கத்துல உட்கார்ந்து எவ்வளவுன்னு கேளுங்க. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்க. போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. ரெண்டும் இலவசம்.