அடங்காத பிள்ளைகளா?

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க யாருக்கும் அடங்கறதில்ல." கல்யாணப் பந்தியில் இலை போட்டதுமே யாராவது ஒரு பெரியவர் இதை ஆரம்பித்துவிடுகிறார். பக்கத்து இலைக்காரரும் தலையாட்டுகிறார். எனக்கு ஆட்டத் தோன்றவில்லை.

முதலில் அந்தக் காலத்தைப் பார்ப்போம். 1965 ஜனவரி 25 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்து மதுரையில் ஊர்வலம் போனவர்கள் மாணவர்கள்தான். அன்று இருபது வயது என்றால் இன்று எண்பது. அலுத்துக்கொள்ளும் பெரியவரே அதில் போயிருக்கலாம்!

மீறினால் ஒழுங்கு போய்விடும் என்பது அடுத்த வாதம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து மெரினாவில் கூடிய இளைஞர்கள் போக்குவரத்தைத் தாங்களே சீர்செய்தார்கள், குப்பையைத் தாங்களே பொறுக்கினார்கள். காவல்துறை அவர்களை வெளியேற்றிய 23ஆம் தேதிதான் சென்னையில் தீயும் கல்லும் பறந்தன.

கீழ்ப்படிகிற பிள்ளைதான் நல்ல பிள்ளை என்கிறார்களே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. நான் வேலை பார்த்த ஒரு பொறியியல் கல்லூரியில், கட்டிய அபராதத்துக்கு ரசீது கேட்டான் மூன்றாமாண்டு மாணவன் ஒருவன். துறைத் தலைவர் அறை வாசலில் முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார்கள். ஊரிலிருந்து அப்பாவை வரவழைத்தார்கள். 'இனி இவ்வாறு நடக்காது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். எது நடக்காது? ரசீது கேட்பது!

"ஏன்டா எழுதிக் குடுத்தே?" என்று பிறகு கேட்டேன்.

"இன்டர்னல் மார்க் அவங்க கையில இருக்கே சார்."

தான் கேட்டது சரி என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. மரியாதை வேறு, பயம் வேறு என்றும் தெரிந்திருக்கிறது. பெரியவர்கள் அடக்கம் என்று மெச்சுவது இப்படிப் போட்ட கணக்கைத்தான்.

இப்படிக் கீழ்ப்படியும் பழக்கம் எதுவரை போகும் என்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் 1961இல் தொடங்கிய சோதனைகள் காட்டின. அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் மின்சார அதிர்ச்சி கொடுக்க வேண்டும். அதிர்ச்சி வெறும் நடிப்பு. சுவிட்சைத் தட்டியவர்களுக்கு அது தெரியாது. ஆய்வாளர் "தொடருங்கள்" என்று சொல்லச் சொல்ல, 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். இன்னொரு சுற்றில், உடன் உட்கார்ந்திருந்த இருவர் முடியாது என்று எழுந்துவிட்டார்கள். அப்போது கடைசிவரை போனவர்கள் 40 பேரில் 4 பேர்தான்.

அன்று கல்லூரியில், துறைத் தலைவர் அறை வாசலில் அந்த மாணவன் பக்கத்தில் போய் நிற்க ஒருவரும் இல்லை. அடுத்த அறையில்தான் நானும் இருந்தேன், விடைத்தாள் திருத்திக்கொண்டு.