வெயில் நிறம் டப்பாவில் வந்தால் மட்டும் அழகா?

பிரான்ஸர் என்பது வெயிலில் நின்று வந்த நிறத்தை முகத்துக்குத் தரும் பவுடர். பிரெஞ்சு நிறுவனமான கெர்லான் 1984இல் இதை 'டெரகோட்டா' என்ற பெயரில் விற்றது. டெரகோட்டா என்றால் சுட்ட மண்!

ஹட்டன், நுவரெலியா பக்கம் கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு அந்த நிறம் வேலையோடு சேர்ந்தே வருது. அதை நாம "கறுத்துப் போயிட்டா" என்கிறோம். கல்யாணப் பேச்சு வந்தா வெள்ளையாக்கும் கிரீம் தேடுறோம். 'ஃபெயார் அண்ட் லவ்லி' 2020இல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆச்சு. நம்ம பேச்சு மாறல. லேபிள் இல்லாத கிரீம்களில் பாதரசம் இருந்தா சிறுநீரகமே கெடும்.

மேக்கப் வேணாம்னு சொல்லல. பிரான்ஸர் வாங்கினா, உங்க நிறத்தைவிட ஒன்றிரண்டு ஷேட் ஆழமானதா, பகல் வெளிச்சத்தில் பார்த்து எடுங்க. வெள்ளைத் தோலுக்குச் செய்தது நம்ம முகத்தில் சாம்பல் பூசின மாதிரி தெரியும். பிரஷ்ஷை உதறிட்டு, வெயில் முதலில் படுகிற நெற்றியோரம், கன்னமேடு, மூக்குத்தண்டில் மட்டும் லேசா பூசுங்க.

அதே நிறம் டப்பாவில் இருந்தா அழகு, அம்மா முகத்தில் இருந்தா குறை. இந்தக் கணக்கைத்தான் நாம முதலில் கழுவணும்.