கூரைக்கும் வெள்ளையடி!

நியூயார்க் நகரிலே ஒரு சட்டம் உண்டு. அக்டோபர் முதல் தேதி தொடங்கி மே 31 வரை, வாடகை வீட்டிலே குடியிருப்போர் குளிரில் விறைக்காமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் கடமை. வெளியே ஏறத்தாழ 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால், பகலில் வீட்டுக்குள் 20 டிகிரியாவது இருக்க வேண்டும். இரவில் 17-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பாலைவன நகரமான ஃபீனிக்சில் வெப்பத்துக்குச் சட்டம்: ஏ.சி. பொருத்திய வாடகை வீடு 28 டிகிரிக்கு மேல் சூடேறாதபடி குளிர்விக்க அந்த எந்திரத்தால் முடிய வேண்டும். முடியாவிட்டால் பொறுப்பு வீட்டுக்காரருடையது.

பணமே பெரிதென்னும் அமெரிக்காவிலேயே, வாடகை என்பது நான்கு சுவருக்கு மட்டும் கொடுக்கும் கூலியல்ல, உள்ளே உயிர் தரித்திருப்பதற்கும் சேர்த்துத்தான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே நிலைமை என்ன? வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் அம்பத்தூரிலும் மொட்டைமாடி மேல் எழுப்பிய சிமெண்ட் ஷீட் அறைகளைப் பாருங்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கூரை, இரவெல்லாம் அதை உள்ளே கக்குகிறது. மின்விசிறி அனற்காற்றைத்தான் அள்ளி வீசுகிறது. பட்டறையில் வெந்து திரும்பிய தொழிலாளி வீட்டிலும் வேகிறான். உறங்காத உடம்போடு மறுநாள் எந்திரத்தின் முன் நிற்கிறான். கடன் வாங்கி ஏ.சி. மாட்டினாலும், அந்தக் கூரையின் கீழ் அது ஓயாமல் ஓடுகிறது, பில் ஏறுகிறது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெப்பத்தால் மாண்டவர் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் என்றும் சொன்னது. வரவேற்கிறோம். ஆனால் கேட்கிறோம்: செத்தபின் கொடுக்கும் 4 லட்சத்தைவிட, சாகாமல் காக்கும் ஒரு வாளி சுண்ணாம்பு மேலல்லவா?

கூரைக்கு வெள்ளையடித்தால் வெயில் திரும்பிப் போகிறது; அறையின் சூடு 2 முதல் 5 டிகிரி வரை குறையக்கூடும் என்கிறார்கள் ஆய்ந்தவர்கள். தெலங்கானா அரசு 2023-இல் இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. ஆனால் கட்டாயம் என்றது பெரிய கட்டடங்களுக்கு. 600 சதுர கஜத்துக்குக் குறைந்த மனையிலுள்ள வீடுகளுக்கு அவரவர் விருப்பமாம்! அதிகம் வேகிறவன் வீடுதான் விட்டுப்போயிற்று.

தமிழ்நாட்டிலே 2017-இல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் இருக்கிறது. தண்ணீரையும் மின்சாரத்தையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், சுவருக்கு வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்றும் சொல்கிறது. சுவர் வரைக்கும் வந்த மட்டை, கூரைக்கு ஏறக் கூடாதா? அட்டவணையிலே ஒரு வரி சேருங்கள் என்கிறோம்.

"வீட்டுக்காரரெல்லாம் கோடீசுவரரா?" என்று கேட்பார்கள். இல்லை. ஓய்வூதியத்தோடு ஓரறை வாடகையையும் நம்பிப் பிழைப்போர் உண்டு. அவர்களை வதைக்கச் சொல்லவில்லை. வெள்ளையடித்த கூரைக்கு மாநகராட்சி சொத்து வரியில் கொஞ்சம் கழித்துக் கொடுக்கட்டும். எல்லா வீட்டுக்கும் ஏ.சி. கேட்கவுமில்லை. ஏ.சி.யைக் காட்டி வாடகையைக் கூட்டியவர், அது பழுதானால் செப்பனிட்டுத் தரட்டும் என்கிறோம்.

இன்னொன்று. வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று 2016-இல் அரசு ஆணையிட்டது. ஒரே இணைப்பில் நாலைந்து குடித்தனம் வைத்து, சப்-மீட்டர் மாட்டி, யூனிட்டுக்குத் தம் இஷ்டப்படி விலை வைப்போர் இருக்கிறார்கள். சர்க்கார் தந்த சலுகை அங்கே யார் மடியில் விழுகிறது? மின்வாரிய பில்லைக் குடித்தனக்காரர் கண்ணில் காட்டி, அந்தக் கணக்குப்படியே வாங்க வேண்டும்.

தோழர்கள் தத்தம் வட்டத்தில் ஷீட் கூரை வீடுகளைக் கணக்கெடுக்கட்டும். சப்-மீட்டர் விலையைக் குறித்துக்கொள்ளட்டும். வாடகை ஒப்பந்தம் எழுதாத வீடுகளில் எழுதிப் பதியச் செய்யட்டும். அந்தக் கணக்கோடு வார்டு உறுப்பினரையும் சட்டமன்ற உறுப்பினரையும் பாருங்கள். அடுத்த கத்திரி வெயில் தேதி சொல்லிவிட்டு வருவது. அதற்குமுன் கூரை வெளுக்கட்டும்!