சிறுவனுக்கு வேண்டியது சிறையா, துணையா?

வேளச்சேரி ரெயில் நிலையத்தின் வெளியே மாலை நேரக் கூட்டம். ஒருவர் கையில் இருந்த செல்போனைப் பறித்துக்கொண்டு ஒரு பையன் ஓடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். வயது 16. பொதுமக்கள் விரட்டிப் பிடிக்கிறார்கள். "உள்ளே தள்ளுங்கள்! அப்போதுதான் புத்தி வரும்" என்கிறார் ஒருவர்.

பறிகொடுத்தவருக்குக் கோபம் வருவது நியாயமே. மாதாமாதம் தவணை கட்டி வாங்கிய போன் அது. ஆனால், சிறைக்குப் போனால் புத்தி வருமா? அங்கே அவனுக்கு வாத்தியார் யார்? பழைய கேடிகள்தான்! போன் பறிக்கப் போனவன், பூட்டு உடைக்கக் கற்றுக்கொண்டு திரும்புவான்.

இதைப் பெரியவர்கள் அன்றே உணர்ந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1920-ம் ஆண்டிலேயே குழந்தைகள் சட்டம் வந்தது. 1936-ல் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் செய்யப்பட்டது. 1958-ல் நாடு முழுவதற்கும் அப்படி ஒரு சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது.

பூட்ஸ் தைத்தவர் காட்டிய வழி

இந்த வழியைத் தொடங்கி வைத்தவர் நீதிபதி அல்ல, வக்கீலும் அல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பூட்ஸ் தைத்து வந்த ஜான் அகஸ்டஸ் என்பவர். 1841-ம் ஆண்டு, கோர்ட்டில் ஒரு குடிகாரன் நிறுத்தப்பட்டான். "இவனை என்னிடம் விடுங்கள். நான் பொறுப்பு" என்று அவர் ஜாமீன் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து அவனை அழைத்து வந்தபோது ஆளே மாறியிருந்தான். பெயருக்கு ஒரு சென்ட் அபராதத்தோடு கோர்ட்டு அவனை விட்டது. 1859-ல் இறக்கும் வரை, அகஸ்டஸ் ஏறக்குறைய 2,000 பேருக்கு இப்படிக் கை கொடுத்தார்.

இன்றைய சட்டம்

நம் நாட்டில் 2016 ஜனவரி முதல் புதிய இளைஞர் நீதிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 18 வயது ஆகாதவரைப் போலீஸ் லாக்கப்பில் அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அதில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூக சேவகர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். மிகக் கொடிய குற்றம் செய்த 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் தனி விசாரணை முறை உண்டு.

இங்கேதான் நன்னடத்தை அதிகாரி வருகிறார். பையனின் வீட்டுக்குப் போகிறார். அப்பா வேலைக்குப் போகிறாரா? அம்மா எத்தனை வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார்? பையன் எப்போது பள்ளிக்கூடத்தை விட்டான்? கூட்டாளிகள் யார்? போதைப் பழக்கம் உண்டா? எல்லாவற்றையும் விசாரித்து அறிக்கை கொடுக்கிறார்.

அதைப் படித்துக் குழுமம் முடிவு செய்கிறது. நன்னடத்தை உறுதி வாங்கிக்கொண்டு, 3 ஆண்டு வரை பெற்றோர் பொறுப்பில் விடலாம். பள்ளிக்குப் போ, தொழில் கற்றுக்கொள், போதை சிகிச்சைக்குப் போ என்று உத்தரவிடலாம். அதன்படி நடக்கிறானா என்று பார்ப்பதும் நன்னடத்தை அதிகாரியின் வேலை.

கையெழுத்து போதுமா?

மாதம் ஒரு முறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவது கண்காணிப்பு ஆகாது. மீதி 29 நாளும் அவன் யாரோடு சுற்றினான் என்பதல்லவா கேள்வி?

இங்கிலாந்தில் 2001-ல் தீவிரக் கண்காணிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். திரும்பத் திரும்பக் குற்றம் செய்யும் சிறுவர்களுக்கு, தொடக்க மாதங்களில் வாரம் 25 மணி நேரம் ஒதுக்கினார்கள். படிப்பு, தொழிற்பயிற்சி, புத்திமதி என்று நேரம் நிரம்பியது. அங்கே ஓர் அதிகாரி தனியாகப் பாடுபடவில்லை. நன்னடத்தை அதிகாரி, சமூக சேவகர், போலீஸ்காரர், கல்வித்துறையினர், சுகாதாரத் துறையினர் எல்லோரும் ஒரே குழுவாக வேலை செய்தார்கள்.

நமக்கும் அப்படிப்பட்ட குழுக்கள் வேண்டும். ஓர் அதிகாரியின் தலையில் அளவுக்கு மீறிய பிள்ளைகளைச் சுமத்தினால், அவருக்குப் பைலைப் பார்க்க நேரம் இருக்கும். பையனைப் பார்க்க நேரம் இராது. போதிய அதிகாரிகளை நியமிப்பது சர்க்காரின் கடமை. அது வீண் செலவு அல்ல. இன்று திருந்தாதவன் நாளை பெரிய குற்றவாளி ஆனால், அதற்கு ஆகும் செலவும் நம் தலையில்தான் விழும்.

ஊராருக்கும் கடமை உண்டு. வழக்கில் சிக்கிய சிறுவனின் பெயரையோ படத்தையோ வெளியிடுவது குற்றம். செல்போனில் படத்தைப் பரப்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். திருந்தி வந்தவனைத் "திருட்டுப் பயல்" என்று தெருவே கூப்பிட்டால் அவன் எங்கே போவான்? திருடர்களிடம்தான் போவான்! மெக்கானிக் கடைக்காரர் ஒரு வேலை கொடுக்கலாம். பள்ளிக்கூடம் மறுபடியும் கதவைத் திறக்கலாம்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். பதினாறில் வளைக்க இன்னும் நேரம் இருக்கிறது. வளைக்கும் கை அடிக்கும் கையாக இராமல், பிடித்து நடத்தும் கையாக இருக்கட்டும்.